5 கோடிக்கு எந்த ஊர்ல வீடு? கேட்டுக்கு வெளிய என்ன இருக்குன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க

[திரை: இரவில் எடுத்த ட்ரோன் காட்சிகள். மும்பை, குருகிராம், பெங்களூரு, ஹைதராபாத், சென்னை. ஊர் பெயர்கள் போடவில்லை.]

கையில 5 கோடி ரூபாய் இருக்கு. வேலையும் எந்த ஊர்ல கேட்டாலும் கிடைக்கும். இந்த அஞ்சு ஊர்ல எங்க வீடு வாங்குவீங்க?

புரோக்கர்கிட்ட கேட்டா முதல்ல கிளப் ஹவுஸைத்தான் காட்டுவார். நீச்சல் குளம், இத்தாலியன் மார்பிள், ரெண்டு மாடி உயரத்துக்கு ஒரு லாபி. இப்ப திரையில ஓடுறது எந்த ஊருன்னு உங்களால சொல்ல முடியுதா? கஷ்டம். அதனால கிளப் ஹவுஸை இதோட விட்டுடுவோம். கேட்டுக்கு உள்ள இருக்கிறதை காசு கொடுத்தா எந்த ஊர்லயும் வாங்கிடலாம். கேட்டுக்கு வெளிய இருக்கிற காத்து, தண்ணி, ரோடு, வெள்ள வடிகால் இதெல்லாம் எத்தனை கோடி கொடுத்தாலும் தனியாளா வாங்க முடியாது. இதுல ஏதாவது ஒண்ணை ஒவ்வொரு ஊரும் உங்க தலையில கட்டிடும். அது எதுன்னுதான் இந்த வீடியோவுல பார்க்கப் போறோம்.

[திரை: மும்பை, வொர்லி. அடுக்குமாடிகளுக்கு நடுவில் பழைய மில் புகைபோக்கி.]

மும்பையில இருந்து ஆரம்பிப்போம். வொர்லி பக்கம் நல்ல கட்டடத்துல சதுர அடி 70 ஆயிரம்னு வச்சுக்குங்க. 5 கோடிக்கு 700 சதுர அடி வரும். அதே பணத்தை எடுத்துக்கிட்டு ஹைதராபாத் கோகாபேட்டுக்குப் போங்க. அங்க சதுர அடி 12 ஆயிரம்னு வச்சா 4,000 சதுர அடிக்கு மேல வரும். 700 எங்க, 4,000 எங்க!

கொஞ்சம் பொறுங்க. இந்த ரெண்டு சதுர அடியும் ஒண்ணு இல்ல. மும்பையில விலை பேசுறது பெரும்பாலும் கார்ப்பெட் ஏரியாவுக்கு, அதாவது நீங்க நடமாடுற தரைக்கு. ஹைதராபாத், பெங்களூரு, சென்னையில பேசுறது சூப்பர் பில்ட் அப். லிஃப்ட், மாடிப்படி, லாபி, கிளப் ஹவுஸ் எல்லாத்துலயும் உங்க பங்கைச் சேர்த்துச் சொல்ற கணக்கு அது. 2016-ல வந்த ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், கார்ப்பெட் ஏரியான்னா என்னன்னு தெளிவா சொல்லிடுச்சு. வெளிச்சுவர், பால்கனி, மொட்டை மாடி கணக்குல வராது. உள்ள இருக்கிற தடுப்புச் சுவர் வரும். ஆனா விளம்பரத்துல இன்னும் பழைய கணக்குதான் ஓடுது. 4,000-ன்னு சொல்ற ஃபிளாட்ல 2,700 தேறினா நல்ல பில்டர்னு அர்த்தம். இன்னொண்ணு, மாசா மாசம் மெயின்டனன்ஸ் கட்டுறதும் அந்த 4,000-க்குத்தான். அது 7,500 ரூபாயைத் தாண்டினா பொதுவா 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேரும்.

அப்படியே பார்த்தாலும் மும்பை நாலு மடங்கு விலை. மூணு பக்கமும் தண்ணி இருக்கிற ஒடுக்கமான நிலம் அது. இப்ப லோயர் பரேல், வொர்லியில நிக்கிற கோபுரங்கள்ல பாதி ஒரு காலத்துல பஞ்சாலை நிலம். 1982-ல தத்தா சாமந்த் தலைமையில சுமார் ரெண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் பண்ணாங்க. அதுக்கப்புறம் பல மில்கள் மறுபடி எழுந்திருக்கவே இல்ல. பீனிக்ஸ் மில் இன்னைக்கு ஷாப்பிங் மால். உங்க பால்கனியில நின்னு பார்த்தா பக்கத்துலயே பழைய தொழிலாளர் குடியிருப்பான சால் வீடுகள் தெரியும். மும்பையில பணக்காரப் பேட்டைன்னு வேலி போட்டுத் தனியா பிரிக்க முடியாது. கேட்டைத் தாண்டினா நேரா தெருதான்.

ஆனா அந்தத் தெரு உங்களுக்காக வேலை செய்யுது. 2020 அக்டோபர்ல ஒரு நாள் சில மணி நேரம் கரண்ட் போனதே அங்க தேசியச் செய்தி ஆச்சு. நம்ம ஊர்ல அதை யாரு செய்தின்னு சொல்லுவாங்க? 2009-ல பாந்த்ரா வொர்லி கடல் பாலம் வந்தது. 2024-ல கோஸ்டல் ரோடு. 2025-ல மூணாவது மெட்ரோ லைன் கஃப் பரேட் வரைக்கும் முழுசா ஓட ஆரம்பிச்சது. வொர்லியில இருந்து மரைன் டிரைவுக்கு பத்து பன்னிரண்டு நிமிஷம். அந்த கோஸ்டல் ரோட்டுல டோல் கிடையாது, டூ வீலருக்கு அனுமதியும் கிடையாது. யாருக்காகப் போட்ட ரோடுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

மும்பை உங்க தலையில கட்டுறது இடப் பற்றாக்குறையைத்தான். 700 சதுர அடியில அப்பா அம்மாவுக்கு ஒரு ரூம் ஒதுக்கிப் பாருங்க, தெரியும்.

[திரை: டெல்லி, லோதி கார்டன். காலை நடை.]

டெல்லிக்கு வந்தா இந்தப் பிரச்சினையே இல்ல. 1931-ல திறந்த புது டெல்லியோட பங்களா பகுதி பெரும்பாலும் அரசாங்கத்துகிட்ட இருக்கு, அது நமக்கு எட்டாது. ஜோர் பாக், கோல்ஃப் லிங்க்ஸும் 5 கோடிக்கு எட்டாது. கிரேட்டர் கைலாஷ் மாதிரி காலனிகள்ல பில்டர் ஃபுளோர் பார்க்கலாம். தனி மனையில மாடிக்கு ஒரு குடும்பம், கீழ தூண்களுக்கு நடுவுல பார்க்கிங். பக்கத்துல மரம் அடர்ந்த பார்க், நடந்து போற தூரத்துல மார்க்கெட், நாட்டிலேயே பெரிய மெட்ரோ வலைப்பின்னல். இந்தியாவுல காலாற நடந்து சுத்த இதை விட நல்ல பணக்காரப் பகுதி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

பக்கத்துல குருகிராம், கோல்ஃப் கோர்ஸ் ரோடு. டிஎல்எஃப் கமெலியாஸ்ல 2024 டிசம்பர்ல ஒரு பென்ட்ஹவுஸ் 190 கோடிக்கு விலை போச்சு. அதே குருகிராம்ல 2016 ஜூலையில ஒரு மழை பெய்ஞ்சு, ராத்திரி முழுக்க நெடுஞ்சாலையிலயே கார்கள் நின்னுச்சு. 190 கோடி ஆளும் அந்த ரோட்டுல தானே வீட்டுக்குப் போகணும்?

ஆனா டெல்லியைப் பத்திப் பேசணும்னா காத்தைப் பத்தித்தான் பேசணும். பிஎம் 2.5-ங்கிற நுண்துகள் ஒரு நாள் சராசரியா கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல போகக் கூடாதுங்கிறது உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு. இந்திய அரசு வச்சிருக்கிற வரம்பு 60. டெல்லியில நவம்பர்ல 300-ஐத் தாண்டுறது அபூர்வம் இல்ல. 2024 நவம்பர் 18 அன்னைக்கு காத்துத் தரக் குறியீடான ஏக்யூஐ 490-ஐத் தாண்டிச்சு. பஞ்சாப், ஹரியானாவுல வைக்கோல் எரிக்கிற புகை, வண்டிப் புகை, கட்டுமானத் தூசி எல்லாம் சேருது. குளிர்ல காத்து மேல எழும்பாம கீழயே அடைஞ்சு நிக்குது. ஸ்கூலை ஆன்லைனுக்கு மாத்துறாங்க. ரூமுக்கு ஒரு ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாம். லோதி கார்டனுக்கு வாங்க முடியுமா? வீட்டுல சின்னக் குழந்தையோ ஆஸ்துமா இருக்கிறவங்களோ இருந்தா, என் கணக்குல டெல்லி பட்டியல்லயே இல்ல.

[திரை: பெங்களூரு. தண்ணீர் லாரி வரிசை.]

பெங்களூரு கடல் மட்டத்துல இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்துல இருக்கு. அதுதான் அந்த ஊரோட வரம், சாபமும் அதுதான். வரம் எல்லாருக்கும் தெரியும், ஏசி இல்லாம மே மாசத்தை ஓட்டிடலாம். சாபம் என்னன்னா, குடிக்கிற தண்ணியை சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருந்து மேட்டுல ஏத்திக் கொண்டு வரணும். காவிரியில எடுத்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு பம்ப் பண்றாங்க. 2018-ல உச்ச நீதிமன்றத் தீர்ப்புல கர்நாடகாவுக்குக் கூடுதலா கிடைச்ச 14.75 டிஎம்சியில 4.75 டிஎம்சி பெங்களூரு குடிதண்ணிக்குன்னு சொன்னது. (காவிரி பேரைக் கேட்டதும் கமென்ட்ல சண்டையை ஆரம்பிச்சிடாதீங்க, வீடு வாங்குற வேலையில இருக்கோம்.)

பழைய பணக்காரப் பகுதிகள், சதாசிவநகர், லாவெல் ரோடு, இந்திராநகர் எல்லாம் ஏற்கெனவே காவிரிக் குழாய்ல இருக்கு. 5 கோடிக்கு உங்களுக்குக் காட்டுற வில்லா இருக்கிறது வைட்ஃபீல்டு, சர்ஜாபூர் பக்கம். அங்க பல இடத்துல போர்வெல், இல்லன்னா லாரித் தண்ணி. 2024 மார்ச்ல போர்வெல்கள் வத்தினப்ப, குடிதண்ணியில கார் கழுவினா 5,000 ரூபாய் அபராதம்னு குடிநீர் வாரியம் அறிவிச்சது. அந்த வருஷம் அக்டோபர்ல காவிரி அஞ்சாம் கட்டம் திறந்தாங்க, நாளைக்கு 77.5 கோடி லிட்டர், மாநகராட்சியோட சேர்ந்த 110 கிராமங்களுக்காக. உங்க அபார்ட்மென்ட்டுக்கு அந்த இணைப்பு வந்துடுச்சா, இல்ல "விண்ணப்பிச்சிருக்கோம்" நிலையில இருக்கான்னு கேளுங்க. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு.

இதுல வேடிக்கை, தண்ணி இல்லாத அதே கிழக்கு பெங்களூருல 2022 செப்டம்பர்ல பல கோடி ரூபாய் வில்லாக்கள் முழங்கால் தண்ணியில நின்னுச்சு. ஐடி கம்பெனி அதிகாரிகள் டிராக்டர்ல ஆபீஸ் போனாங்க. ஒரு ஏரி நிரம்பினா அடுத்த ஏரிக்குத் தண்ணி போக ராஜகாலுவேன்னு கால்வாய்கள் வெட்டி வச்சிருந்தாங்க. அந்த வழியெல்லாம் இப்ப கட்டடமா இருக்கு. வில்லா வாங்கும்போது மாநகராட்சி சொத்துப் பதிவுல ஒழுங்கான ஏ கத்தாவா, குறையுள்ள பி கத்தாவான்னு பார்க்கிறதோட, பழைய சர்வே வரைபடத்துல அந்த இடத்துல ராஜகாலுவே போகுதான்னும் பாருங்க. சர்வேயரே மனசு வச்சா ஒரு நாள் வேலை.

டிராஃபிக் பத்தி நான் சொல்லணுமா? வேண்டாம்.

[திரை: ஹைதராபாத், நிதி மாவட்டக் கோபுரங்கள்.]

ஹைதராபாத்துல 2006-ல ஃப்ளோர் ஸ்பேஸ் இண்டெக்ஸ், அதாவது மனை அளவுக்கு எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற உச்சவரம்பையே எடுத்துட்டாங்க. ரோடு அகலம், சுத்தி விடுற இடம் சரியா இருந்தா எவ்வளவு உயரமும் கட்டலாம். அதனாலதான் கோகாபேட்டுல ஐம்பது மாடிக் கட்டடம் சாதாரணமாத் தெரியுது. 2023 ஆகஸ்ட்ல அங்க ஏக்கர் 100 கோடிக்கு மேல ஏலம் போச்சு. 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையில ஏறினா ஏர்போர்ட் போற பாதை சுகம். ஆனா மெட்ரோ ராயதுர்கத்தோட நின்னுடுது. பால் பாக்கெட்டுக்குக் கூட ஆப், இல்லன்னா கார். இந்தக் கோபுரங்கள்ல பலதுல இன்னும் ஆள் முழுசா வரலை. எல்லாத்துலயும் விளக்கு எரியும்போது அந்த ரோடும் சாக்கடையும் தாங்குமான்னு இன்னைக்கு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. நீங்க வாங்குறது அந்தப் பந்தயத்தையும் சேர்த்துத்தான். இடம் தாராளம், பில்லு பின்னாடி வரும்.

கொல்கத்தா அலிப்பூர், புனே கோரேகாவ் பார்க் ஏன் இல்லன்னு கேப்பீங்க. நல்ல இடங்கள்தான், ஆனா இந்த வீடியோவுக்கு அஞ்சோட நிறுத்திட்டேன்.

[திரை: சென்னை. கோட்டூர்புரம் பாலம், அடையாறு.]

சென்னையில போட் கிளப், போயஸ் கார்டன் எல்லாம் கிரவுண்டு கணக்கு. 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு கூட அங்க 5 கோடிக்கு வராது. அடையாறு, ராஜா அண்ணாமலைபுரம், கோட்டூர்புரத்துல நல்ல மூணு பெட்ரூம் ஃபிளாட் வரும், மனையில உங்க பங்கு யூடிஎஸ் எவ்வளவுன்னு பத்திரத்துல பார்த்துக்குங்க. இங்க தலையில கட்டுறது வெள்ளம். 2015 டிசம்பர்ல இதே கோட்டூர்புரத்துல படகு ஓடுச்சு. அதுக்கு நேர் எதிரா 2019-ல ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்தது. ஆனா தண்ணி விஷயத்துல இந்த அஞ்சு ஊர்ல சென்னை மட்டும்தான் பெரிய அளவுல கடல்பக்கம் திரும்பியிருக்கு. கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்குற ஆலைகள்ல மீஞ்சூர், நெம்மேலி ரெண்டும் நாளைக்கு தலா 10 கோடி லிட்டர், 2024-ல நெம்மேலி ரெண்டாவது ஆலை 15 கோடி லிட்டர். பேரூர்ல 40 கோடி லிட்டர் ஆலை கட்டிக்கிட்டு இருக்காங்க. மழை பொய்ச்சாலும் குழாயில ஏதோ வரும்.

பத்திரச் செலவு மட்டும் குத்தும். மூணு கோடிக்கு மேல முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 5 கோடிக்கு 45 லட்சம். மும்பையில 6 சதவீதம், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 30 ஆயிரம்.

என் தேர்வு? ரெண்டே பேர், வெளிய சுத்துற ஆளுங்கன்னா மும்பை, சின்ன ஃபிளாட். வயசான பெத்தவங்களோடன்னா சென்னை, ரெண்டாவது மாடிக்கு மேல. ஊர்ப் பாசம்னு திட்டுங்க, பரவாயில்ல.

ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. 5 கோடி வீட்டுக்கு வருஷ வாடகை 3 சதவீதம்னு தாராளமா வச்சாக்கூட 15 லட்சம், மாசம் ஒண்ணேகால் லட்சம். அதே வீட்டுக்கு 4 கோடி கடன் வாங்கி எட்டரை சதவீதம் வட்டின்னா, முதல் வருஷ வட்டி மட்டும் கிட்டத்தட்ட 34 லட்சம். அதனால முதல்ல 11 மாச ஒப்பந்தத்துல வாடகைக்குப் போங்க. அந்த ஊரோட மோசமான மாசம் உள்ள வர மாதிரி தேதி பாருங்க. மும்பைக்கு ஜூலை, டெல்லிக்கு நவம்பர், பெங்களூருக்கு ஏப்ரல், சென்னைக்கு டிசம்பர். பெங்களூருலயும் சென்னையிலயும் ஓனர் பத்து மாச அட்வான்ஸ்ல ஆரம்பிப்பார், பேசினா பெரும்பாலும் இறங்குவார்.