தண்டம் கட்டினால் தீர்ந்ததா?

பெங்களூர் அல்சூரில் கூடியிருக்கும் உறவுகளே, வணக்கம்.

இந்த ஊர் போலீஸ்காரர் கன்னடத்தில் "தண்ட கட்டி" என்பார். நாமும் வீட்டுக்கு வந்து, "தண்டம் அழுதுட்டு வந்தேன்" என்போம். தண்டமும் தண்டனையும் ஒரே வேர்தான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 4-ஆம் பிரிவைப் பாருங்கள். தூக்கு, ஆயுள், சிறை என்று போகிற வரிசையிலேயே அபராதமும் நிற்கிறது.

ஸ்ரீராமபுரத்துப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டியவன். கோர்ட்டில் பேர் கூப்பிட்டார்கள். "தப்பு ஒத்துக்குறியா?" என்றதும் தலையாட்டினான், பணம் கட்டினான். இரண்டு நிமிஷம்தான். அப்புறம் அரசு டிரைவர் வேலைக்கு மனு போட்டான். குற்றவாளி எனத் தீர்ப்பானது உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதினான். பொய் சொல்லும் எண்ணமே அவனுக்கு இல்லை. நாலாக மடித்த ரசீதைப் பிரித்துக் காட்டி, "ஃபைன்தானே சார் கட்டினேன், ஜெயிலுக்கா போனேன்?" என்று கேட்டான். சரிபார்ப்பில் வழக்கு தெரிந்துவிட்டது, வேலை கைக்கு வரவில்லை.

அவன் தலையாட்டிய அந்த நொடியில்தான் குற்றத் தீர்ப்பு விழுந்தது. அபராதம் அதற்குப் பின்னால் வந்த தண்டனை.

ஹெல்மெட் போடாததற்கு ரோட்டிலேயே கட்டுகிற பணம் வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 200-ஆம் பிரிவின்படி அது சமரசத் தொகை. கட்டினால் அதற்காகக் கோர்ட்டில் வழக்கு நடக்காது, குற்றவாளி என்ற தீர்ப்பும் இல்லை. குடித்துவிட்டு ஓட்டுவதற்கு அந்தச் சலுகை கிடையாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

வெறும் அபராதத்துக்கு எவ்வளவு கனம் என்று கேட்பீர்கள். ஓட்டுக்கு லஞ்சம் கொடுத்த குற்றத்தில் அபராதம் மட்டும் விதிக்கப்பட்டாலும், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8-ஆம் பிரிவின்படி தீர்ப்பு நாளிலிருந்து 6 ஆண்டுகள் தேர்தலில் நிற்க முடியாது.

படிவத்தில் மறைத்தவர்கள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2016-இல் அவதார் சிங் வழக்கில் கொஞ்சம் இரக்கம் காட்டியது. அற்பமான குற்றமாக இருந்தால், மறைத்ததை வேலை கொடுப்பவர் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் அது அவர் விருப்பம், நம் உரிமை அல்ல. அதனால் உண்மையை எழுதிவிடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று செய்யலாம். முதல் தடவை, சிறு குற்றம் என்றால், 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி, தண்டனை தராமல் கண்டித்து மட்டும் அனுப்பும்படி நீதிபதியிடம் கேளுங்கள். அதன் 12-ஆம் பிரிவு, தீர்ப்பால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. அந்தப் பையனுக்கு இதைச் சொல்ல அன்றைக்கு யாரும் பக்கத்தில் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சம்மன் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் எடுத்து வாருங்கள். மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.