அந்தப் பிள்ளைக்கு என்ன வேணும்?

(திருகோணமலையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், பெற்றோரும் முன்பள்ளி ரீச்சர்மாருமாக நாற்பது பேரளவில் கூடியிருந்த இடத்தில் பேசியது. எழுதும்போது கொஞ்சம் சீராக்கியிருக்கிறேன்.)

வணக்கம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு அம்மா என்னைப் பிடித்துவிட்டார். "தங்கச்சி, ரி.வி பார்த்துப் பார்த்துத்தானே பிள்ளைகளுக்கு ஓட்டிசம் வருகுது, நீங்கள் அதே ரி.வியைப் பற்றிப் பேசப் போறியளாம்?" என்றார். முதலில் அதை முடித்துவிடுகிறேன். ஓட்டிசம் என்பது பிறப்பிலிருந்தே மூளை வளர்ச்சியில் இருக்கிற ஒரு வித்தியாசம், பேசுகிற, பழகுகிற விதத்தில் தெரியும். லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைப் பார்த்து இதைப் பற்றி எழுதியது 1943இல். அப்போது அங்கேயே வீட்டில் ரி.வி இருந்தவர்கள் மிகச் சிலர். எங்கள் நாட்டுக்கு ரி.வி வந்ததோ 1979இல். அதற்கு முன்னரும் இந்தப் பிள்ளைகள் இங்கே இருந்தார்கள். குழப்படிக்காரன், விசர், தாய் வளர்த்த வளர்ப்பு என்று வேறு பெயர்களில் இருந்தார்கள், அவ்வளவுதான். ரி.வி ஓட்டிசத்தைத் தராது. ஆனால் ஓட்டிசம் என்றால் எப்படி இருக்கும் என்று பலருக்குச் சொல்லிக்கொடுப்பது ரி.விதான், அதனால்தான் பேச வந்தேன்.

என் அக்காவின் மகன், எனக்குப் பெறாமகன், ஓட்டிசம் உள்ளவன், முன்பள்ளிக் கலைவிழாவில் மரமாக நின்றவன். பேசாத பிள்ளைக்கு மரம்தானே கொடுப்பார்கள். ஒத்திகை நடந்த நாளெல்லாம் அவன் மரம் நிற்கிற இடத்தை விட்டுவிட்டு மேடையின் ஓரத்தில், திரை இழுக்கிற கயிற்றடியில் போய் நிற்பான், ரீச்சர் இழுத்துக்கொண்டு வந்து விடுவார், அவன் திரும்பவும் போவான். விழா அன்று பாதி நாடகத்தில் மரம் நடந்துபோய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தது, திரை மூடிவிட்டது. சபை சிரித்தது, அக்கா அழுதாள். அவனுக்கு அந்தக் கயிறுதான் வேணும் என்பது இரண்டு கிழமையாகக் கண்முன்னால் தெரிந்த விஷயம். ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

அன்றிலிருந்து எந்தக் கதைப் புத்தகத்தை எடுத்தாலும், எந்தக் கார்ட்டூனைப் பார்த்தாலும் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்கிறேன்: இதில் வருகிற ஓட்டிசப் பிள்ளைக்கு ஏதாவது வேணுமா? இல்லை, மற்றவர்கள் நல்லவர்களாவதற்காக அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்களா?

1988இல் வந்த 'ரெயின் மேன்' படத்தால் ஓட்டிசம் என்றாலே மின்னல் கணக்கு, அபார ஞாபகம் என்று உலகம் நினைத்துக்கொண்டது. அதில் வருகிற ஓட்டிசப் பாத்திரத்துக்கு முன்மாதிரியாக இருந்தவர்களில் ஒருவர் கிம் பீக். அவருக்கு ஓட்டிசமே இல்லை என்று பிறகு மருத்துவர்கள் சொன்னார்கள்! தமிழில் 2013இல் 'ஹரிதாஸ்' வந்தது, நல்ல படம், நானும் அழுதேன், ஆனால் அங்கேயும் ஓட்டிசப் பிள்ளை ஓட்டப் பந்தயத்தில் ஓடித் திறமையைக் காட்ட வேண்டியிருக்கிறது. சரி, வெளியாரைக் குறை சொல்வானேன், எங்களிடம் காளிதாசன் கதை இல்லையா? இருந்த கிளையையே வெட்டிய மடையன், காளி நாக்கில் எழுதினாள், மகாகவியானான். எழுதாமல் விட்டிருந்தால் அவனுக்கு யார் சோறு போட்டிருப்பார்கள்? அதை அந்தக் கதை சொல்லாது. என் பெறாமகனுக்கு ஒரு அபாரத் திறமையும் இல்லை. ஃபேன் சுற்றுவதைப் பார்ப்பான், தயிரும் சீனியும் சாப்பிடுவான். சொந்தக்காரர் வந்தால் "இவனுக்கு என்ன ஸ்பெஷலாத் தெரியும்?" என்று கேட்கிறார்கள், சர்க்கஸ் பார்க்க வந்த மாதிரி.

'செசமி ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கச் சிறுவர் ரி.வி நிகழ்ச்சியில் வருகிற ஓட்டிசப் பொம்மை ஜூலியாவைப் பலருக்குத் தெரியும். 2015இல் இணையக் கதைப் புத்தகத்தில் வந்து, 2017 ஏப்ரலில் ரி.விக்கு வந்தவள். செம்பட்டை முடி, நாலு வயது. ஓட்டிசம் என்றால் ஆண்பிள்ளைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பெண்பிள்ளையை உருவாக்கினார்கள், அவளை ஆட்டுவிக்கிற பொம்மலாட்டக்காரியே ஓட்டிசம் உள்ள மகனின் தாய். முதல் நிகழ்ச்சியில் பிக் பேர்ட் என்ற பெரிய பறவைப் பொம்மை வணக்கம் சொல்கிறது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை, தன்னைப் பிடிக்கவில்லையோ என்று அதற்குக் கவலை. எனக்கு அவளைப் பிடிக்கும், ஆனால் அந்தக் கவலை யாருடையது என்று பாருங்கள். கதை பிக் பேர்ட்டின் மனதுக்குள் நடக்கிறது. பிறகு 2019இல், ஓட்டிசம் உள்ள பெரியவர்கள் தாங்களே நடத்தும் ஒரு அமெரிக்க அமைப்பு அந்த நிகழ்ச்சியோடு சேர்ந்து வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. பிள்ளைக்கு ஓட்டிசம் என்று தெரிந்ததும் சாவு வீடு போலத் துக்கப்படச் சொல்கிற பெற்றோர் கையேடு ஒன்றுக்கு ஜூலியாவின் முகத்தைக் கொடுத்தார்கள் என்பது அவர்களுடைய கோபம். நியாயமான கோபம்.

'பப்லோ' கார்ட்டூன் வேறு மாதிரி. வட அயர்லாந்தில் செய்தது, 2017இலிருந்து வருகிறது. ஓட்டிசம் உள்ள ஐந்து வயதுப் பையன், வெளியில் ஏதாவது பயப்படுத்தினால் கிரேயோனை எடுத்துக் கீறுவான், கீறிய மிருகங்கள் உயிர்பெற்று அவனோடு யோசிக்கும். சுண்டெலிக்குச் சத்தம் ஆகாது, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். குரல் கொடுப்பவர்களும் ஓட்டிசம் உள்ளவர்கள். நாங்கள் முழுக்க அவன் தலைக்குள் இருக்கிறோம். எல் மெக்னிகோல் எழுதி 2020இல் வந்த 'எ கைண்ட் ஆஃப் ஸ்பார்க்' நாவலில் வருகிற ஆடி என்ற ஓட்டிசச் சிறுமிக்குத் தெளிவாக ஒன்று வேணும்: தன் ஊரில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்ட பெண்களுக்கு ஒரு நினைவுச்சின்னம். ஊர் மறுக்கிறது, அவள் விடவில்லை. எழுதியவருக்கும் ஓட்டிசம் உண்டு, அதனால்தான் அந்தப் பிடிவாதம் கதையில் நோயாகத் தெரியவில்லை. 2024இல் அமெரிக்காவில் தொடங்கிய 'கார்ல் தி கலெக்டர்' கார்ட்டூனில் வருகிற கார்ல் என்ற ரக்கூனுக்குப் பொருட்களைச் சேகரிக்க வேணும். அதில் அவனுடைய நரித்தோழிக்கும் ஓட்டிசம், இரண்டு பேரும் இரண்டு விதம், அது எவ்வளவு பெரிய நிம்மதி.

எங்கள் நாட்டில் 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பரிசோதித்து, 93 பேருக்கு ஒருவர் என்றது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் இருநூறு முந்நூறு பிள்ளைகள் படிக்கிற பாடசாலை என்றால் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். என் கைக்கு அகப்பட்ட தமிழ்ச் சிறுவர் புத்தகங்களில் ஒருவர்கூட இல்லை. கோயில் திருவிழாவில் தவில் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு, ஆனாலும் தேரை விட்டுப் போக மனமில்லாமல் நிற்கிற பிள்ளையை இந்த ஊரில் எத்தனை தரம் கண்டிருப்பீர்கள்? அதை யாராவது எழுதுங்கள், அந்தப் பிள்ளையின் காதிலிருந்து எழுதுங்கள்.

கடைசியாக புரூனோ. தோமஸ் ரயில் கார்ட்டூனில் 2022இல் வந்த, ஓட்டிசம் உள்ள பிரேக் பெட்டி, ரயிலின் வாலில் பின்பக்கமாகப் போகிறவன். பிரித்தானியாவில் அவனுக்குக் குரல் கொடுத்தது ஓட்டிசம் உள்ள ஒன்பது வயதுப் பையன். ரயில் நேரமெல்லாம் மனப்பாடம், அந்தப் பழைய பழக்கம் இங்கேயும் இருக்கிறது, போகட்டும். ஆனால் அவனுக்கு ஒரு வேலை இருக்கிறது.

புரூனோவைப் பார்ப்பதற்கு முன்னாலேயே என் பெறாமகனுக்குக் கடைசிப் பெட்டிதான். அத்தான் எங்கள் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால் மற்றப் பிள்ளைகள் எஞ்சினடிக்கு ஓடுவார்கள், இவன் நேரே கார்ட் பெட்டிக்குப் போவான். போன மாதம் ஒரு சிங்களக் கார்ட் ஐயா அரைகுறைத் தமிழில் கேட்டாராம், "தம்பி, என்ன வேணும்?"

"பச்சைக் கொடி" என்றானாம்.

ரயில் வெளிக்கிட இன்னும் நேரமிருந்தது. பிடிக்கக் கொடுத்தார்.