விட்டால் மரமாகும் செடி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். புதிய தொழில்நுட்பத்துக்குத் தடை விவசாயியின் அச்சமா, அவனுடைய நிலைமையா? நிலைமையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் ஒரு வார்த்தை சொன்னார். "இலங்கை மலையக விவசாயியின் துணிச்சல் தேயிலைச் செடியைப் போலக் குட்டை" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, கைவிடப்பட்ட மலைகளுக்குப் போய்ப் பாருங்கள். கிளை நறுக்கிக் கவ்வாத்து வெட்டாத தேயிலை அங்கே மரமாக நிற்கிறது! அது பிறவிக் குட்டை இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கத்தி வந்து குட்டையாக்குகிறது.

எங்களை வெட்டும் கத்தி எது? குத்தகை நிலம். அடகுக்கடைச் சீட்டு. தை மாதத்து உறைபனி. ஒரே இரவில் உருளைக்கிழங்குக் கொடி கருகிவிடும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே அடியாகத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை விலகியது. இடையில் போன போகத்தை யார் திருப்பித் தந்தார்கள்? சேதனப் பசளை, அதாவது இயற்கை உரம், வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு பாத்தியில் பழகிப் பார்க்கக்கூட விடவில்லையே என்பதுதான் எங்கள் வயிற்றெரிச்சல்.

என் அப்பாவுக்கு நுவரெலியாப் பக்கம் கந்தப்பளையில் கால் ஏக்கர் குத்தகை. விவசாயப் போதனாசிரியர் ஒருநாள் புதிய இன விதைக்கிழங்கு கொண்டுவந்தார். நோய் தாங்கும், விளைச்சல் கூடும் என்றார். அப்பா எத்தனை எடுத்தார் தெரியுமா? மூன்று. மூட்டை இல்லை, கூடை இல்லை, மூன்றே மூன்று கிழங்கு! நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை ஓரம் நட்டார். மழை பெய்த இரவெல்லாம் டோர்ச் லைட்டோடு போய், இலையின் அடிப்புறத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வெளிறல் நோய் விழுந்திருக்கிறதா என்று. "பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இந்த மனுசன் இப்படி எழும்பியதில்லை" என்று அம்மா ஏசினார். மூன்று கிழங்கு, ஐயா! அடுத்த போகம் ஒரு பாத்தி. அதற்கடுத்த போகம் பாதித் தோட்டம்.

1867இல் லூல்கந்துர தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில்தான் தேயிலை வைத்துப் பார்த்தார். துரை சிறிதாக வைத்தால் அது முயற்சி. என் அப்பா மூன்று கிழங்கு நட்டால் அது கோழைத்தனமா?

ஏன் மூன்றோடு நிறுத்தினார்? அன்று அம்மாவின் தோடு அடகில் இருந்தது. வீட்டில் மிஞ்சிய பொன் தாலி ஒன்றுதான். கிழங்கைக் கிளறிய அன்று, பெரியவற்றை விதைக்கு எடுத்து வைத்துவிட்டு, சின்னதை எல்லாம் அம்மா உப்புப் போட்டு அவித்தார். அப்பா ஒன்றையும் தொடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, பிள்ளைகள் நாங்கள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தோடு நான்கு போகம் கழித்துத்தான் மீண்டது. இன்று அம்மா அதைப் போட்டுக்கொண்டு, இதோ, முன்வரிசையில் இருக்கிறார். பக்கத்து நாற்காலியில் அப்பாதான் இல்லை.