இந்த வாரம் ரயில் ஓடாது, மண் வேலைதான்

வணக்கம் நண்பர்களே. கேமராவைத் தரையோடு தரையாக வைத்திருக்கிறேன். அதனால் இன்றைக்கு என் முகத்தைவிட முழங்கால்தான் அதிகம் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் கிடக்கிற மண்குவியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நானேதான் தோண்டினேன். போன மாதம் வரைக்கும் அந்த இடத்தில் ஒரு அழகான வளைவும், வளைவை ஒட்டி ஒரு குட்டி ஸ்டேஷனும் இருந்தன. இரண்டையும் பெயர்த்து ஓரமாக வைத்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால், புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. என் தோட்டத்தில் ஓடுவது பொம்மை ரயில், ஜி ஸ்கேல் என்ற அளவு. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 45 மில்லிமீட்டர். 1968-இல் ஜெர்மனியின் லேமன் நிறுவனம் எல்ஜிபி என்ற பெயரில் வெளியே போட்டு ஓட்டக்கூடிய பெரிய ரயில்களைக் கொண்டுவந்தது. அதிலிருந்துதான் இந்த அளவு உலகம் முழுக்கப் பரவியது. 45 மில்லிமீட்டரை 22.5-ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். அதாவது மீட்டர் கேஜ் ரயிலை, தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் உள்ள நிஜ ரயிலை, 22.5 மடங்கு சுருக்கியது இது. ஒரு மனிதப் பொம்மை ஏழரை சென்டிமீட்டர் உயரம் இருந்தால் சரியாக இருக்கும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, கதைக்கு வருவோம். இந்த வளைவில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் என் பெட்டிகள் தடம் புரளும். எல்லாச் சுற்றிலும் இல்லை, நான்கு சுற்றுக்கு ஒரு தரம். அதுவும் யாராவது பார்க்க வந்திருக்கும்போது கட்டாயம். முதலில் சக்கரத்தின் மேல் சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு அச்சிலும் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தேன். எல்லாம் ஒன்றுபோல இருந்தது. பிறகு பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கிற கப்ளிங்கைக் குறை சொன்னேன். பெட்டிகளில் எடை போதவில்லையோ என்று அடியில் ஈயத் துண்டுகளை ஒட்டினேன். அதில் கொஞ்சம் பலன் இருந்தது, நான்கு சுற்று ஆறு சுற்றானது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஒருநாள் மழை விட்ட பிறகு சும்மா வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தேன். கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு நேர் கீழே, வளைவின் வெளித் தண்டவாளம் மண்ணோடு அமுங்கியிருந்தது. கண்ணுக்கு லேசாகத்தான் தெரிந்தது. குட்டி ரசமட்டத்தைக் குறுக்கே வைத்தேன், குமிழி ஒரேயடியாக உள்பக்கம் ஓடிவிட்டது. வெளித் தண்டவாளம் 4 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது.

நாலு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். இப்போது அந்தப் பெருக்கல் கணக்கைப் போடுங்கள். நிஜ மீட்டர் கேஜில் அது 9 சென்டிமீட்டர். நிஜ ரயில்பாதையில் வளைவின் வெளித் தண்டவாளத்தைக் கொஞ்சம் உயர்த்தித்தான் போடுவார்கள். வேகத்தில் பெட்டி வெளியே சாயப் பார்க்கும், அதைச் சமன் செய்வதற்காக. என் வளைவிலோ நேர் எதிராக வெளிப்பக்கம் 9 சென்டிமீட்டர் பள்ளம். பெட்டி விழாமல் போன சுற்றுகள்தான் ஆச்சரியம். சக்கரத்தைக் குறை சொன்ன என்னை என்னவென்று சொல்ல.

ஆக, என் முதல் தப்பு மேலே இல்லை, கீழே. பாதை போட்டபோது மண் காய்ந்து கல்மாதிரி இருந்தது. அதை நம்பி, மேலே உருண்டைக் கூழாங்கல்லைக் கொட்டி, அதன் மேலே தண்டவாளத்தை வைத்துவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் உருண்டைக் கல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. பை நிறையக் கோலிக்குண்டைக் கொட்டி அதன் மேல் நின்று பாருங்கள், புரியும். நிஜ ரயில்வேக்காரர்கள் உடைத்த, முனை உள்ள ஜல்லியைப் போடுவது அதனால்தான். முனையும் முனையும் மாட்டிக்கொண்டு நகராமல் நிற்கும், நடுவே இருக்கிற இடைவெளியில் தண்ணீரும் வடிந்துவிடும்.

இப்போது என்ன செய்திருக்கிறேன் என்று காட்டுகிறேன். கேமராவைக் கொஞ்சம் நகர்த்துகிறேன், ஆடும்.

இதோ, 20 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வாய்க்கால். அடியில் தெரிகிற கறுப்புத் துணி, மண் மேலே ஏறாமல் தடுக்க. தண்ணீர் மட்டும் கீழே இறங்கும். அதன் மேல் ஓட்டை போட்ட குழாய், தோட்டத்தின் தாழ்ந்த பக்கம் பார்த்துச் சாய்வாக. அதற்கு மேல் 10 சென்டிமீட்டர் கரடுமுரடான ஜல்லி. அதைத் திமிசுக்கட்டையால் இடித்திருக்கிறேன், ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று தடவையாக. மேலே பொடி ஜல்லி, 3 முதல் 6 மில்லிமீட்டர். கிரஷரில் உடைத்ததுதான், இதில் கூடவே கொஞ்சம் தூளும் இருக்கும். அந்தத் தூள் வேண்டும். நனைத்து இடித்தால் இறுகிப் பாய் மாதிரி ஆகிவிடும்.

சிமெண்ட் போட்டுவிட்டால் நிம்மதிதானே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போடலாம், தப்பில்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நான் பாதையை அடிக்கடி மாற்றுகிறவன். உளியோடு உட்கார எனக்குப் பொறுமை கிடையாது.

சிமெண்ட் போட்டாலும் சரி, ஜல்லி போட்டாலும் சரி, தண்டவாளத்தை ஆணி அடித்து இறுக்கிவிடாதீர்கள். பித்தளைத் தண்டவாளம் 12 மீட்டர் இருந்து, 30 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர் நீளும். போக இடம் இல்லையென்றால் பக்கவாட்டில் நெளியும். என் பழைய நேர்ப்பாதை ஒரு உச்சிவெயிலில் பாம்பு மாதிரி நெளிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி நேராகக் கிடக்கிறது! இப்போது எங்கும் ஆணி கிடையாது. ஜல்லி மேலே மிதக்கிறது, ஸ்லீப்பர் கட்டையின் மேல்மட்டம் வரைக்கும் ஜல்லி நிரப்பி அணைத்திருக்கிறேன். இணைப்புகளில் கொஞ்சம் சந்து விட்டிருக்கிறேன். குளிரில் நிலம் உறைந்து உப்புகிற ஊர்க்காரர்களுக்கும் இப்படி மிதக்கவிடுவதுதான் வசதி. குளிர்காலம் முடிந்ததும் ஒரு சுற்று வந்து ஜல்லியைத் தட்டி நேராக்கிக்கொள்ளலாம்.

அப்புறம், தோண்டினது தோண்டினோம் என்று வளைவையும் பெரிதாக்கிவிட்டேன். பழையது கடையில் வாங்கும் ரயில் செட்டோடு வருகிற சின்ன வளைவு, 60 சென்டிமீட்டர் ஆரம். நிஜத்தில் அது பதின்மூன்றரை மீட்டர். அந்த ஆரத்தில் சாதாரண மீட்டர் கேஜ் ரயில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடாது என்றே நினைக்கிறேன். சுவிட்சர்லாந்தில் லாண்ட்வாசர் பாலம் இருக்கிறதே, 65 மீட்டர் உயரத்தில் வளைந்து போய் நேரே மலைச்சுரங்கத்துக்குள் நுழையுமே, அதன் வளைவு 100 மீட்டர் ஆரம். நிஜ ரயிலுக்கு அது ரொம்ப இறுக்கமான வளைவு. அதையே நம் அளவுக்குச் சுருக்கினால் ஏறக்குறைய நாலரை மீட்டர் ஆரம் வருகிறது. தோட்டத்தில் பாதியை அதுவே தின்றுவிடும். நான் 1.5 மீட்டரில் நின்றேன். இதற்கே ஒரு செடிப்பாத்தி போயிற்று. ஆனால் நீளப் பெட்டிகள் இப்போது திரும்புகிற அழகு வேறு. முன்பு பெட்டியின் மூக்கு ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம் என்று போகும்.

ஏற்றம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு பாதை இன்னொன்றின் மேலே பாலத்தில் போகிற மாதிரி வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. கீழே ரயில் போக இடம், பாலத்தின் கனம் எல்லாம் சேர்த்து 25 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். இன்ஜின் திணறாமல் ஏற, மீட்டருக்கு 2 சென்டிமீட்டர்தான் உயர்த்துவேன். அப்படியானால் ஏறுவதற்கு மட்டும் பன்னிரண்டரை மீட்டர், இறங்க இன்னொரு பன்னிரண்டரை. என் மொத்தச் சுற்றே 34 மீட்டர்! பேசாமல் மேல்பாதையைப் பாதி உயர்த்தி, கீழ்ப்பாதையைப் பாதி இறக்கலாம், சாய்வுப் பாதையின் நீளம் பாதியாகும். செய்யலாம். ஆனால் கீழே இறக்கிய இடத்தில் மழைத் தண்ணீர் வந்து நிற்கும். இப்போதுதான் அந்தப் பாடத்தைப் படித்து முடித்தேன், அதனால் பாலம் இன்னும் நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கட்டும்.

கரண்ட் விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தண்டவாளத்தில் மின்சாரம் விட்டு ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். வெளியே கிடக்கிற பித்தளையில் களிம்பு ஏறும், இலைச்சாறு ஒட்டும், நத்தை ஊர்ந்து போகும். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக மின்னழுத்தம் குறைந்து, தோட்டத்தின் கடைக்கோடியில் இன்ஜின் மாட்டுவண்டி வேகத்தில் போகும். இணைப்புக்கு இணைப்பு ஒயர் வைத்துப் பற்றவைத்தால் சரியாகும், செய்தும் பார்த்தேன். ஆனால் ஓட்டுவதற்கு முன்னால் அரை மணி நேரம் தேய்ப்பதே வேலையாகிவிட்டது. இப்போது இன்ஜினுக்குப் பின்னால் இந்த மூடிய சரக்குப் பெட்டி இருக்கிறதல்லவா, இதற்குள் 18650 என்ற அளவில் நான்கு லித்தியம் பேட்டரி செல், தொடராக இணைத்து 14.8 வோல்ட். பாதுகாப்பு போர்டு இல்லாமல் அதைச் செய்யவே செய்யாதீர்கள். கையில் ரிமோட். தண்டவாளம் அழுக்காக இருந்தாலும் கவலை இல்லை, சக்கரம் உருண்டால் போதும்.

பாதையோரம் என்ன செடி வைக்கலாம் என்று கேட்டவருக்கு: இலை சின்னதாக இருக்கிற எதுவும் சரிதான். 2 சென்டிமீட்டர் இலை என்றால் அந்த ஏழரை சென்டிமீட்டர் மனிதப் பொம்மைக்கு அது 45 சென்டிமீட்டர் இலை, முறம் மாதிரி. மற்றபடி வேர் பாதைக்கு அடியில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சரி, இப்போது சோதனை. தண்டவாளம் வைத்தாகிவிட்டது. பழைய இடம் இதுதான், சுண்ணாம்புக் குறி போட்டிருக்கிறேன். குறுக்கே ரசமட்டம். குமிழி தெரிகிறதா? வெயில் அடிக்கிறது, கையால் மறைக்கிறேன். நடுவில் இருக்கிறது. இப்போது இரண்டு வாளித் தண்ணீர், கூரை உயரத்திலிருந்து ஊற்றுகிறேன். கேமரா நனையாமல் இருக்க வேண்டும், கடவுளே.

ஊற்றியாயிற்று. சத்தம் கேட்கிறதா, குழாயின் அந்தப் பக்கம் வடிகிறது. ஜல்லிக்கு மேலே தண்ணீர் நிற்கவில்லை. குமிழி... கொஞ்சம் இருங்கள், கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன். உள்பக்கம் ஒரு மயிரிழை நகர்ந்திருக்கிறது. அப்படியானால் வெளித் தண்டவாளம் இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. இந்த ஓரத்தில் சரியாக இடிக்கவில்லை போலிருக்கிறது. சக்கரத்தைக் குறை சொல்ல மாட்டேன். திமிசை எடுத்து வருகிறேன். ரயில் ஓடுவதை அடுத்த மழை பெய்த மறுநாள் காலை இதே இடத்தில் வைத்துப் படம் பிடிக்கிறேன்.