ஸ்ப்ரிங்ஃபீல்டுல சும்மா சுத்துறதுக்குன்னே ஒரு கேம்

வணக்கம் மக்களே, இன்னிக்கு குரல் கொஞ்சம் கரகரன்னு இருக்கும் கண்டுக்காதீங்க, நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டிவி முன்னாடி உக்காந்து ஹோமரை திட்டிகிட்டே இருந்தேன். ஆமா, சிம்ப்சன்ஸ் ஹிட் அண்ட் ரன், சிம்ப்சன்ஸ்ங்கற அமெரிக்க கார்ட்டூன் சீரியலை வச்சு 2003ல வந்த கேம். ஹோமர்தான் அந்த குடும்பத்தோட அப்பா, ஸ்ப்ரிங்ஃபீல்டு அவங்க ஊரு. பரண்ல கெடந்த பிளேஸ்டேஷன் 2-வ எறக்கி தூசி தட்டி போட்டா, மெமரி கார்டுல பழைய சேவ் எல்லாம் போச்சு, சரி கழுதன்னு மொதல்ல இருந்தே ஆரம்பிச்சேன்.

கார்ட்டூன் சீரியலை வச்சு கேம் வருதுன்னாலே நமக்கு ஒரு சந்தேகம் இருக்கும்ல, பேரை ஒட்டி வித்துட்டு போயிருவாங்கன்னு. சிம்ப்சன்ஸ்லயே 1991ல கொனாமி கம்பெனியோட ஆர்கேட் கேம் (கடைல காசு போட்டு ஆடுற மெஷின்) ஒண்ணு வந்துச்சு, நாலு பேர் சேந்து ஆடலாம், செம ஜாலி, ஆனா ஹோமர் பொண்டாட்டி மார்ஜ் வேக்குவம் க்ளீனரால ரவுடிங்கள சாத்துறதுக்கும் சீரியலுக்கும் என்னங்க சம்பந்தம்? அப்புறம் 2001ல ரோட் ரேஜ், டாக்ஸி மாதிரி ஆள ஏத்தி எறக்குறது, அது எங்க கிரேஸி டாக்ஸி கேமை உருவுனதுன்னு சேகா கம்பெனி கேஸ் போட்டு, கடைசில கோர்ட்டுக்கு வெளியவே பேசி முடிச்சாங்க. அதே டீம்தான், கனடால வான்கூவர்ல இருந்த ராடிக்கல் என்டர்டெயின்மென்ட், ரெண்டே வருஷத்துல ஹிட் அண்ட் ரன்னை எறக்குனாங்க, நம்பவே முடியல.

சீரியல் ரைட்டர்ஸே வசனத்துல கை வச்சாங்க, சீரியல்ல பேசுற அதே குரல்தான், அதெல்லாம் சரி. ஆனா என்னைக் கேட்டா இதுல ஹீரோ அந்த ஊருதான். க்விக்-இ-மார்ட் கடை எங்க இருக்கு, ஸ்கூலு எந்தப் பக்கம், இதெல்லாம் சீரியல்ல துண்டு துண்டா பாத்திருப்போம், இங்க அந்த பிங்க் கலர் காரை எடுத்துகிட்டு நாமளே ஒரு ரவுண்டு போலாம். மிஷன் கூட என்ன பெரிய உலகத்த காப்பாத்துறதா? ஹோமர் பொண்ணு லிசா ஸ்கூல் ப்ராஜெக்ட்டை வீட்டுலயே விட்டுட்டு போயிட்டா, அத கொண்டு போயி குடு, அவ்ளோதான். இன்னொண்ணு பக்கத்து வீட்டு ஃப்ளாண்டர்ஸ் கிட்ட ஹோமர் வாங்கிட்டு திருப்பியே தராத சாமானை எல்லாம் பொறுக்கி கொண்டு போயி குடுக்கறது, பாருங்க இதுதான் ஹோமர், இத விட சுருக்கமா அந்தாளை சொல்ல முடியாது. 🤣

கண்டபடி இடிச்சுகிட்டே போனா ஓரத்துல ஒரு வட்டம் ரொம்பிகிட்டே வரும், ரொம்புச்சுன்னா போலீஸ் தொரத்தும், மாட்டுனா 50 காயின் ஃபைன், அம்புட்டுதான் தண்டனை, அடுத்த நிமிஷமே திரும்பவும் ஆளை ஒதைக்கலாம்.

கொறையும் சொல்றேன், இல்லன்னா கமெண்ட்ல வந்து கிழிப்பீங்க. ஏழு லெவல், ஆனா மேப் மூணுதான், அதையே மாத்தி மாத்தி போடுறாங்க. ஆனா கடைசி லெவல் ஹாலோவீன், நீங்க மொத லெவல்ல சுத்துன அதே தெருதான், இப்போ இருட்டு, ஜாம்பிங்க அலையுது, பழகுன தெருங்கறதாலதான் அது பயமாவே இருக்கு.

சவுத் பார்க்ங்கற இன்னொரு கார்ட்டூனை வச்சு 2014ல வந்த ஸ்டிக் ஆஃப் ட்ரூத் கேம்லயும் இதே மாதிரி சீரியலுக்குள்ளயே போன ஃபீலிங்தான், அந்த சீரியல் மாதிரியே பேப்பர் வெட்டி ஒட்டுன மாதிரியே இருக்கும், பக்கத்துல நின்னு பாக்கறவனுக்கு சீரியல் ஓடுதா கேம் ஓடுதான்னே தெரியாது. ஆனா சவுத் பார்க்ல கதைய முடிக்கத்தான் எனக்கு தோணும், ஸ்ப்ரிங்ஃபீல்டுல சும்மா சுத்தத்தான் தோணும். மொபைல்ல டேப்ட் அவுட்னு இன்னொரு சிம்ப்சன்ஸ் கேம் இருந்துச்சு, நாமளே ஊரைக் கட்டலாம், 2025 ஜனவரில சர்வரை மூடிட்டாங்க, கட்டுன ஊரெல்லாம் அதோட போச்சு. இந்த டிஸ்க் கீறலோட இன்னும் ஓடுது பாருங்க.

சரி, நேத்து ராத்திரி என்னை அப்படி திட்ட வச்ச அந்த கடைசி மிஷன். அணு உலைல இருந்து கழிவு ட்ரம்மை ஏத்திகிட்டு டைம் முடியறதுக்குள்ள ஸ்கூல் கிரவுண்டுக்கு போகணும். நேத்து பதினாலு தடவ. பதினாலாவது தடவ ஸ்கூல் கண்ணுக்கு தெரியுது மக்களே, டைம் முடிஞ்சிருச்சு. இருங்க கேமராவ அந்தப் பக்கம் திருப்புறேன், பதினஞ்சாவது உங்க முன்னாடியே போடுவோம்.