மலைமேல் வீடா, மலையடியில் வீடா?

நடுவர் அவர்களே, வணக்கம். காலாற நடந்து, பாறை ஏறி, நல்ல காத்து வாங்கி வாழணும்னா குடியேற வேண்டியது கொடைக்கானலா, மதுரைப் பக்கத்து மலையடிவாரமா? இதுதான் கேள்வி. எதிரணி ஐயா, "அங்கே கதவைத் திறந்தா மேகம் உள்ள வந்து காபி குடிச்சிட்டுப் போகும்"னார். நீங்க கைதட்டினீங்க, நானும் தட்டினேன். ஆனா அவர் அங்கே தங்கினது ரெண்டு ராத்திரி. நான் ஒரு வருஷம் குடியிருந்தவ.

ஐப்பசி, கார்த்திகையில அந்த மேகம் காபி குடிச்சிட்டுப் போகலைங்க, வீட்டோட தங்கிடுச்சு! துவைச்ச துணி நாலு நாளாகியும் காயலை. ஒருநாள் வாக்கிங் ஷூவைக் கையில எடுத்தா உள்ளே பூசணம், வெள்ளை வெல்வெட் விரிச்ச மாதிரி. நடக்கிறதுக்குன்னே குடிபோன ஊர்ல ஷூ பூசணம் பூத்துச்சுன்னா, எத்தனை நாள் நடந்திருப்பேன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

சித்திரையில வெயில் வந்துச்சு, கூடவே பாதித் தமிழ்நாடும் வந்துச்சு. கூட்டம் தாங்காமத்தான் உயர் நீதிமன்ற உத்தரவுல 2024 மே 7 முதல் இ-பாஸ். வில்லாபுரத்துல இருக்கிற எங்க அக்கா, கூடப்பிறந்தவளைப் பார்க்கக் கார்ல வர பாஸ் எடுத்தா! சம்பந்தி வீட்டுக்குக்கூட அவ இப்படி அனுமதி கேட்டுப் போனதில்லை.

காட்டுக்குள்ள நடக்கலாமேன்னா, வனத்துறை அனுமதி வேணும். சரியான விதிதான். 2018 மார்ச்சுல குரங்கணிக் காட்டுத் தீ, மலையேறப் போன 23 பேர் உயிரைக் கொண்டுபோனதை நம்ம பக்கத்துல யார் மறந்தா? ஆனா தினசரி நடைக்கு அது ஆகாது.

1845-ல கொடைக்கானல்ல வீடு கட்டிக் குடியேற ஆரம்பிச்சவங்க, மதுரையில இருந்த அமெரிக்க மிஷனரிங்க. வெயிலுக்கு ஏறினாங்க, வேலைக்கு இறங்கினாங்க. ஊரை உண்டாக்கினவங்களே அதை விருந்துச் சாப்பாடாத்தான் வச்சிருந்தாங்க, அன்னாடச் சோறா இல்லை.

இப்ப நான் நாகமலைப் புதுக்கோட்டைவாசி. காலையில அஞ்சரைக்கு ஸ்கூட்டரை எடுத்தா கொஞ்ச நேரத்துல கீழக்குயில்குடி. தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். அங்கிருந்து சமணர்மலைப் பாறைப்படி. ஏறினா பேச்சிப்பள்ளம்: பாறையில செதுக்கின சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையா, அடியில பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு. அவங்க ஆயிரம் வருஷமா அசையாம உட்கார்ந்திருக்காங்க, எதிர்ல நான் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குறேன். ஒருத்தரும் சிரிக்கிறதில்லை.

ஞாயித்துக்கிழமைன்னா அழகர்மலையில நூபுர கங்கை வரைக்கும் நடை. இல்லைன்னா அரிட்டாபட்டி. 2022-ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்ச ஊரு, டங்ஸ்டன் சுரங்கத்தையே திருப்பி அனுப்பின ஊரு. இதுக்குத் தட்டுங்க, தாராளமா! அங்கே வல்லூறு வட்டமடிக்கிறதை அண்ணாந்து பார்த்தே எனக்குக் கழுத்து சுளுக்கியிருக்கு.

வெயிலைச் சொன்னாங்க. மறுக்கமாட்டேன். சித்திரையில எட்டு மணிக்கு மேல அந்தப் பாறையில தோசை சுடலாம். நாங்க ஏழரைக்கே இறங்கிடுவோம். அப்பவும் தாங்கலைன்னா சிறுமலை இருக்கு, பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. காலையில போயிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்.

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுக்கிறேன். நாளைக்குக் காலையில எதிரணி ஐயாவைக் கீழக்குயில்குடிக்குக் கூட்டிட்டு வாங்க. பருத்திப்பால் என் செலவு. ஷூ மட்டும் அவரே கொண்டு வரட்டும், என்னோடது இன்னும் வெயில்ல காயுது.