இரண்டு கைகளும் தெளிவாகவே இருக்கின்றன

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். "செயற்கை நுண்ணறிவை ஒரு கையால் அணைத்து மறு கையால் தள்ளும் இன்றைய இளைஞரின் மனநிலை தடுமாற்றமா, தெளிவா?" என்ற தலைப்பில், தெளிவே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "இரவு 11 மணிக்குச் சாட்ஜிபிடியிடம் அசைன்மென்ட் எழுதி வாங்குகிறவன், காலை 8 மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு, இது என் வேலையைப் பறித்துவிடும் என்று புலம்புகிறான், இதற்குப் பெயர் தெளிவா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். உண்மையைச் சொன்னால் நானும் தட்டினேன். ஆனால் அந்த 11 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

என் அக்கா மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரித் தமிழ் மன்ற விழாவில் பேசுவதற்காக, நட்பைப் பற்றிப் பலரும் மேற்கோள் காட்டாத குறள் ஒன்று வேண்டும் என்று ஒரு நாள் அந்தச் செயலியிடம் கேட்டாள். எதுகை அமைந்த ஈரடி, அதற்குப் பொருள், 'குறள் எண் 1412' என்ற குறிப்பு எல்லாம் நொடியில் வந்துவிட்டன. வள்ளுவர் எழுதியவை மொத்தமே 1330. இரண்டாம் அடியில் மூன்று சீர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு சீர் நின்றன. பள்ளிக்கூடத்தில் குறள் ஒப்பித்துப் பரிசு வாங்கிய பிள்ளை ஆதலால் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்; பிறகு அலைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்து, "சித்தி, ஐயன் இன்னும் 82 குறளை எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்கார்" என்றாள். தவறு என்று சுட்டிக்காட்டியதும் அந்தச் செயலி பணிவோடு மன்னிப்புக் கேட்டு, அதே உறுதியோடு இன்னொரு பொய்க்குறளைத் தந்தது.

இந்த இயந்திரம், ஒரு சொல்லை அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்தே வாக்கியத்தைக் கட்டுகிறது. மூலத்தைத் தேடிச் சரிபார்க்கும் வசதியை இணைத்துத் தராவிட்டால், குறள் போல ஒலிப்பதற்கும் குறளுக்கும் உள்ள வேறுபாடு அதற்குப் பிடிபடுவதில்லை. அதே பெண் மறுநாள் அதே செயலியிடம் தன் நிரலில் ஒளிந்திருந்த பிழையைத் தேடித் தரச் சொன்னாள். மாலை முழுவதும் பிடித்திருக்கக்கூடிய வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. நேற்று சிரித்தாய், இன்று நம்புகிறாயே என்று கேட்டேன். "நிரலை ஓட்டிப் பார்த்தால் சரியா தப்பா என்று அங்கேயே தெரிந்துவிடும் சித்தி, குறளை எப்படி ஓட்டிப் பார்ப்பது?" என்றாள். சோதித்துப் பார்க்க முடிந்த இடத்தில் அணைக்கிறாள், முடியாத இடத்தில் தள்ளுகிறாள். நடுவர் அவர்களே, இதில் தடுமாற்றம் எங்கே இருக்கிறது?

ஜெஃப்ரி ஹிண்டன் என்ற அறிவியலாளரை அவை அறியும். இன்றைய செயற்கை நுண்ணறிவின் அடித்தளமான நரம்பு வலைப்பின்னல்களில் பல்லாண்டு உழைத்த அவர், 2023ஆம் ஆண்டு மே மாதம், இதன் ஆபத்துகளைத் தடையின்றிப் பேச வேண்டும் என்பதற்காகக் கூகுளை விட்டு வெளியேறினார். அதே உழைப்புக்காக மறு ஆண்டு அவருக்கு இயற்பியல் நோபல் பரிசும் கிடைத்தது. பரிசையும் ஏற்றுக்கொண்டார், எச்சரிப்பதையும் நிறுத்தவில்லை. 75 வயதில் ஒருவர் இப்படி நடந்தால் பக்குவம் என்கிறோம். 20 வயதுப் பிள்ளை நடந்தால் மட்டும் தடுமாற்றம் என்கிறோம்.

நம் சென்னைப் பிள்ளை குகேஷையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று கைப்பேசியில் ஓடும் சதுரங்க நிரல்கூட உலகச் சாம்பியனைத் தோற்கடித்துவிடும். அப்படிப்பட்ட காலத்தில், அவர் கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை அந்த நிரல்களின் பக்கம் போகவிடாமல், பலகையின் முன் உட்கார்ந்து தானே யோசிக்கும்படி வளர்த்தார் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. அதன் பிறகே இயந்திரத்துக்குக் கதவு திறந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், 18 வயதில், உலகப் பட்டம் வந்தது. முதலில் தள்ளி, பின்பு அணைத்த கதை இது. 'அதை முடிவு செய்தவர் பயிற்சியாளர்தானே' என்று எதிரணியினர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. சரிதான். பயிற்சியாளர் வாய்க்காத நம் பிள்ளைகள் அதே முடிவை நள்ளிரவில், தனியாக, மறுநாள் சமர்ப்பிக்க வேண்டிய கெடுவை வைத்துக்கொண்டு எடுக்கிறார்கள். அதனால் சில நாள் சறுக்குகிறார்கள்.

எதிரணியினர் வைத்த வாதங்களில் ஒன்று மட்டும் என்னைச் சற்றே அசைத்தது: காதல் தோல்வியையும் வீட்டுச் சண்டையையும் நண்பனிடம் சொல்லாமல் இயந்திரத்திடம் கொட்டுகிறார்களே என்பது அது. அதை நான் மறுக்கப் போவதில்லை. எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் அது இந்தத் தலைமுறையோடு பிறந்த பழக்கம் என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். 1966இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலாளர் ஜோசப் வைசன்பாம், எலைசா என்ற எளிய உரையாடல் நிரலை வெளியிட்டார். நாம் சொல்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதுதான் அதன் வித்தை. அவர் மாதக்கணக்கில் அதை உருவாக்கியதை அருகிலிருந்தே பார்த்த அவருடைய செயலாளர், சில வரிகள் உரையாடியதும், கொஞ்சம் அறையை விட்டு வெளியே போகிறீர்களா என்று அவரையே கேட்டுக்கொண்டார். வைசன்பாம் அதிர்ந்துபோய், பின்னாளில் இத்துறையின் கடுமையான விமர்சகர் ஆனார். இயந்திரம் என்று தெரிந்தே மனம் திறந்தவர் வளர்ந்த மனிதர், அதுவும் 60 ஆண்டுகளுக்கு முன்னால்.

தடுமாறுகிறவர்களைத் தேட வேண்டுமானால் பெரியவர்கள் பக்கம் வாருங்கள். வேலைக்கான விளம்பரத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் தேர்ச்சி வேண்டும் என்று கேட்கும் நிறுவனம், வந்த விண்ணப்பங்களை மென்பொருளைக் கொண்டே சலித்துவிட்டு, நேர்காணலில் அதைத் தொட்டால் தகுதியிழப்பு என்கிறது. ஒரு கல்லூரியில் காலையில் அதைப் பாராட்டிக் கருத்தரங்கு, மாலையில் அதைத் தடைசெய்து சுற்றறிக்கை.

நேர மணி ஒலிக்கிறது. ஒரு நிமிடம் தாருங்கள். என் அக்கா மகள் தன் திட்ட அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், 'மூன்றாம் பகுதியின் மொழிநடை மட்டும் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு திருத்தப்பட்டது. கணக்கீடுகள் என்னுடையவை' என்று, யாரும் கேட்காமலேயே எழுதியிருந்தாள். திருத்திய பேராசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "இதையெல்லாம் ஏம்மா எழுதுற, ரிப்போர்ட் நீட்டா இருக்கட்டும்" என்றாராம். எழுதியவளும் அடித்தவருமாக அந்த இருவரில் தடுமாறியவர் யார் என்பதை நடுவர் அவர்களின் தீர்ப்புக்கே விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.